வால்வு மைக் பிரீஆம்புக்கு டிரான்ஸ்ஃபார்மர் தேர்வு: முதலில் கிரிட்டைப் பாருங்கள்

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: முதல் நிலையில் 12ஏஎக்ஸ்7 வால்வின் ஒரு பாதி, நடுவில் வால்யூம் கன்ட்ரோல், கடைசி நிலையில் 12ஏயூ7, இரு முனைகளிலும் டிரான்ஸ்ஃபார்மர் என்று 1950களின் பாணியில் ஒரு மைக் பிரீஆம்ப் (மைக்கின் மெல்லிய சிக்னலை முதலில் பெருக்கும் கருவி) கட்டப்போகிறீர்கள். உள்ளீட்டுக்கு 1:10 விகிதத்தில் ஒன்றும் 1:30 விகிதத்தில் ஒன்றும் விற்பனைக்குக் கிடைக்கின்றன. வெளியீட்டுக்கு 15 கிலோ ஓம்–600 ஓம் என்று குறித்த ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. பழைய தொலைபேசிக் கருவியிலிருந்து கழற்றிய 600–600 ஓம் டிரான்ஸ்ஃபார்மர்கள் இரண்டு ஏற்கெனவே கையில் இருக்கின்றன. 1:30 செலவில்லாமல் கூடுதல் பெருக்கம் தருமே, அதையே வாங்கலாமா, கையில் இருப்பவை எங்காவது பயன்படுமா, பழைய காலத்து ஒலி வேண்டுமென்றால் பழைய காலத்து டிரான்ஸ்ஃபார்மரைத்தான் தேட வேண்டுமா என்பவை உங்கள் கேள்விகள்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1:10 வாங்குங்கள். 15 கிலோ ஓம்–600 ஓம் உங்கள் 12ஏயூ7-க்குச் சில நிபந்தனைகளோடு பொருந்தும். தொலைபேசி டிரான்ஸ்ஃபார்மர்களை இந்தப் பெட்டிக்குள் கொண்டுவராதீர்கள். பழையவற்றைத் தேடி அலைவது விருப்பத்தைப் பொறுத்தது, தேவை இல்லை. காரணங்கள் கொஞ்சம் நீளமானவை. அவை தெரிந்தால், நாளைக்கு வேறு வால்வையோ வேறு மைக்கையோ எடுத்துக்கொண்டாலும் நீங்களே கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்துவிடலாம்.

டிரான்ஸ்ஃபார்மரின் மேல் அச்சிட்டிருக்கும் ஓம் எண்களைப் பார்த்துப் பலரும் ஏமாறுகிறார்கள். ‘150 : 15,000’ என்று எழுதியிருந்தால் அதற்குள் 150 ஓம் மின்மறுப்பும் (இம்பீடன்ஸ்) 15,000 ஓம் மின்மறுப்பும் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அதற்கென்று இருப்பது சுற்றுகளின் விகிதம் ஒன்றுதான். 1:10 என்றால் மின்னழுத்தம் பத்து மடங்காகிறது. ஒரு பக்கத்தில் இருக்கும் மின்மறுப்பு மறுபக்கத்தில் நூறு மடங்காகவோ நூற்றில் ஒரு பங்காகவோ தெரிகிறது. செகண்டரிக்கு (சிக்னல் வெளியேறும் பக்கச் சுருள்; நுழையும் பக்கச் சுருள் பிரைமரி) குறுக்கே நீங்கள் 150 கிலோ ஓம் மின்தடையை வைத்தால் மைக்கின் கண்ணுக்கு அது 1,500 ஓமாகத் தெரியும். 150 ஓம் மைக்குக்கு அதைப்போல் பத்து மடங்குச் சுமை என்பது வழக்கமான, நல்ல அளவு. அட்டையில் உள்ள எண்கள் சொல்வதெல்லாம், இந்த இரண்டு மின்மறுப்புகளுக்கு நடுவே வைத்தால் குறித்த அலைவரிசை முழுவதும் ஒழுங்காக நடந்துகொள்ளும் என்பதைத்தான். வேறு மின்மறுப்புகளுக்கு நடுவே வைத்தால் அதன் குணமும் மாறும். ஆகவே, ஒரு டிரான்ஸ்ஃபார்மர் நல்லதா என்று தனியாகக் கேட்பதில் பயனில்லை. இந்த மைக்குக்கும் இந்தக் கிரிட்டுக்கும் (வால்வில் சிக்னல் நுழையும் மின்முனை) நடுவே நல்லதா என்றுதான் கேட்க வேண்டும்.

உள்ளீட்டு டிரான்ஸ்ஃபார்மர் எதற்காக இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். பெருக்கத்தைக் கூட்ட என்று பொதுவாகச் சொல்வார்கள். பெருக்கம் வேண்டுமென்றால் இன்னொரு வால்வு போட்டுக்கொள்ளலாம். அது டிரான்ஸ்ஃபார்மரைவிட மலிவு. டிரான்ஸ்ஃபார்மர் உண்மையில் ஈட்டித் தருவது இரைச்சல் கணக்கில்தான். 150 ஓம் மூலத்தின் வெப்ப இரைச்சல், 20 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில், அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 0.22 மைக்ரோவோல்ட். இயற்கை விதித்த அடித்தளம் அது. அதற்குக் கீழே யாராலும் போக முடியாது. வால்வு தன் பங்குக்குச் சேர்க்கும் இரைச்சலோ அதைப்போல் பல மடங்கு: குறைந்த இரைச்சலுக்கென்றே வடிவமைத்த இஎஃப்86 பென்டோடுக்கே (ஐந்து மின்முனை வால்வு), 25 முதல் 10,000 ஹெர்ட்ஸ் வரையில் கிரிட்டுக்கு ஈடாக்கிச் சொன்னால் 2 மைக்ரோவோல்ட் என்று அதன் தரவுத்தாள் குறிப்பிடுகிறது. நல்லதாகத் தேடி எடுத்த 12ஏஎக்ஸ்7-உம் 1 முதல் 2 மைக்ரோவோல்ட் என்ற அளவில்தான் இருக்கும். மைக்கை நேராகக் கிரிட்டில் கொடுத்தால் வால்வின் இரைச்சல் மைக்கின் இரைச்சலை ஒன்பது மடங்கு மூழ்கடித்துவிடும். நடுவில் 1:10 வைத்தால் மைக்கின் 0.22, கிரிட்டுக்கு வரும்போது 2.2 ஆகிறது, இப்போது இருவரும் சமபலத்தில் நிற்கிறார்கள், இழப்பு 3 டெசிபெல் அளவோடு நின்றுவிடுகிறது. உங்கள் தொலைபேசி டிரான்ஸ்ஃபார்மரின் கதை இங்கேயே முடிந்துவிடுகிறது. 600–600 என்றால் 1:1. உள்ளீட்டில் அதை வைத்தால் இரைச்சல் கணக்கில் ஒரு பைசா இலாபம் இல்லை. அது 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான பேச்சுக்காகச் சுற்றிய சின்னக் கோர் (சுருளுக்குள் இருக்கும் உலோகத் தகட்டுக் கட்டு) என்பது தனிக்கதை.

அப்படியானால் 1:30 வைத்தால் மைக்கின் இரைச்சல் 6.6 மைக்ரோவோல்ட் ஆகி வால்வை முழுக்க மறைத்துவிடுமே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கிரிட்டைப் பாருங்கள் என்று நான் தலைப்பிலேயே சொன்னது இதற்காகத்தான்.

12ஏஎக்ஸ்7-இன் கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் (பெருகிய சிக்னல் வெளிவரும் மின்முனை) இடையே 1.7 பிகோஃபேரட் கொள்ளளவு இருக்கிறது. கேட்டால் தூசு மாதிரித்தான் இருக்கும். ஆனால் கிரிட்டில் ஒரு வோல்ட் ஏறும்போது பிளேட்டில் அறுபது வோல்ட் எதிர்த்திசையில் இறங்குவதால், அந்தத் தூசு அறுபத்தொரு மடங்காகப் பெருகிக் கிரிட்டில் 104 பிகோஃபேரட்டாகத் தெரிகிறது. மில்லர் விளைவு என்பது இதுதான். சாக்கெட், ஒயர், மற்ற மின்முனைகள் எல்லாவற்றையும் சேர்த்து 120 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1:10 டிரான்ஸ்ஃபார்மர் இதை நூறு மடங்காக்கி மைக்கின் முன்னால் 12 நானோஃபேரட்டாகக் காட்டும். 150 ஓம் மைக்கோடு சேர்த்துப் பார்த்தால் 3 டெசிபெல் சரிவு 88 கிலோஹெர்ட்ஸில் வருகிறது, கவலை இல்லை. 1:30 டிரான்ஸ்ஃபார்மரோ தொள்ளாயிரம் மடங்காக்கி 108 நானோஃபேரட்டாகக் காட்டும். சரிவு 10 கிலோஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழேயே தொடங்கிவிடும். பாடகரின் ‘ச’கரமும் சிம்பலின் மினுக்கமும் அங்கேதான் இருக்கின்றன. கசிவுத் தூண்டலையும் (ஒரு சுருளின் காந்தப்புலம் முழுவதும் மற்றதைச் சேராததால் வருவது) செகண்டரிச் சுருளின் சொந்தக் கொள்ளளவையும் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை. சேர்த்தால் நிலைமை மோசமாகுமே தவிர மேம்படாது. விகிதம் ஏறும்போது செகண்டரியில் சுற்றுகள் கூடுவதால் அந்த இரண்டும் சேர்ந்தே ஏறும்.

பிறகு 1:30 யாருக்காகச் செய்யப்பட்டது? பழைய பிரிட்டிஷ் ரிப்பன் மைக்குகள் சில 30 ஓம் மின்மறுப்பில் வந்தன. ஆர்சிஏ-வின் 77-டிஎக்ஸ் மைக்கிலும் 150, 250 ஓம்களோடு 30 ஓம் இணைப்பும் உண்டு. மேலே போட்ட அதே கணக்கில் 150-க்குப் பதிலாக 30 ஓமை வைத்துப் பாருங்கள். சரிவு 49 கிலோஹெர்ட்ஸுக்குப் போய்விடுகிறது. அந்த மைக்குக்கு 1:30 தங்கமான பொருள். உங்களிடம் இருப்பதோ 150 முதல் 200 ஓம் வரையிலான இன்றைய மைக்குகள். இன்னொரு வழியும் உண்டு, பென்டோடு. இஎஃப்86-இல் கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் இடையே திரைக்கிரிட் நிற்பதால் அந்தக் கொள்ளளவு 0.05 பிகோஃபேரட்டுக்கும் கீழே. மில்லர் பூதம் அங்கே பூனைக்குட்டி. ஜெர்மன் வானொலி நிலையங்களுக்காக டெலிஃபுங்கன் முதலிய நிறுவனங்கள் செய்த வி72, இரண்டு இஎஃப்804எஸ் பென்டோடுகளைக் கொண்டு 34 டெசிபெல் நிலையான பெருக்கம் தந்தது. அதன் 40 டெசிபெல் வடிவமான வி72எஸ்தான் லண்டன் ஏபி ரோட் ஸ்டுடியோவின் ரெட்.37 மேசைகளில் இருந்தது. அந்தப் பெட்டிகளைப் பார்த்து ‘அவர்கள் பெரிய விகிதம் வைத்தார்களே’ என்று 12ஏஎக்ஸ்7 போன்ற மூன்று மின்முனை டிரையோடு மின்சுற்றுக்கு அதே டிரான்ஸ்ஃபார்மரை வாங்குகிறவர்கள், டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் நிற்கும் வால்வைக் கவனிப்பதில்லை.

தவிர, கூடுதல் பெருக்கம் உங்களுக்குத் தேவையும் இல்லை. உள்ளீட்டில் 20 டெசிபெல், 12ஏஎக்ஸ்7-இல் சுமார் 35, 12ஏயூ7-இல் சுமார் 22, வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் இறக்கிவிடும்போது 14 குறைவு. மிச்சம் 63 டெசிபெல். ஷூர் எஸ்எம்57 போன்ற டைனமிக் மைக் ஒரு பாஸ்கல் ஒலியழுத்தத்துக்கு 1.6 மில்லிவோல்ட் அளவில் தரும். 63 டெசிபெல் அதை 2 வோல்ட்டுக்கு மேல் கொண்டுவந்துவிடும். ஒலிப்பதிவுக் கருவியின் லைன் உள்ளீட்டுக்கு அதுவே ஏராளம்.

ஆக 1:10. ஜென்சன் ஜேடி-115கே-இ இந்த வகையில் எல்லோரும் அளவுகோலாக வைத்துப் பேசும் ஒன்று; 150 ஓமிலிருந்து 15 கிலோ ஓம், விகிதம் 1:10. சுவீடனின் லுண்டால் எல்எல்1538 1:5 விகிதத்தில் வேலை செய்வது. 14 டெசிபெல்தான் தரும், இரைச்சலில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க நேரும். ஆனால் கண்டென்சர் மைக் மட்டுமே பயன்படுத்துகிறவர்களுக்கு நான் அந்த விகிதத்தைத்தான் சொல்வேன், ஏனென்றால் அவர்களுடைய பிரச்சினை சத்தக் குறைவு அல்ல. விவரத்தாளில் விகிதத்துக்கு அடுத்தபடியாக நீங்கள் பார்க்க வேண்டியது சுருள்களின் நேர்மின் தடை. எடுத்துக்காட்டாக, பிரைமரி 20 ஓம், செகண்டரி 2,500 ஓம் என்றிருந்தால், செகண்டரித் தடை நூறால் வகுபட்டு 25 ஓமாகி, மொத்தம் 45 ஓம் மைக்கின் 150-ஓடு சேர்கிறது. இரைச்சலில் 1.1 டெசிபெல் போய்விடும். இது ஏற்கத்தக்கது, இதைப்போல் இரண்டு மடங்கு இருந்தால் நான் யோசிப்பேன்.

கோரைப் பற்றி ஒரு வார்த்தை. உள்ளீட்டு டிரான்ஸ்ஃபார்மரின் கோர் பெரும்பாலும் 80 சதவீதம் நிக்கல் கலந்த மியூமெட்டல் வகை உலோகம். மில்லிவோல்ட் அளவுச் சின்ன சிக்னலிலும் அதன் காந்த ஊடுதிறன் உயர்ந்தே இருப்பதால் குறைந்த சுற்றுகளில் வேண்டிய தூண்டல் கிடைக்கிறது. ஆனால் அது 0.7 அல்லது 0.8 டெஸ்லாவிலேயே நிறைந்துபோகும். சிலிக்கான் எஃகு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் தாங்கும். உள்ளே மியூமெட்டல், வெளியே எஃகு அல்லது 50 சதவீத நிக்கல் என்ற பழைய வழக்கத்துக்குக் காரணம் இதுதான். உள்ளூரில் பவர் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றித் தருகிறவரிடம் கொடுத்து உள்ளீட்டு டிரான்ஸ்ஃபார்மரைச் செய்துவிடலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. வேண்டாம். மியூமெட்டல் தகடுகள் வெட்டிய பிறகு ஹைட்ரஜன் சூழலில் பதப்படுத்தப்பட வேண்டியவை. தட்டினாலும் வளைத்தாலும் கீழே போட்டாலும் குணம் கெடும். செகண்டரிக் கம்பியோ தலைமயிரைவிட மெல்லியது. அவரிடம் பவர் டிரான்ஸ்ஃபார்மரையும் சோக்கையும் சுற்றி வாங்கிக்கொள்ளுங்கள். அதில் மிச்சமாகும் பணத்தை உள்ளீட்டில் போடுங்கள்.

மியூமெட்டலுக்கு இன்னொரு விரோதி நேர்மின்சாரம். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் பிரீஆம்ப் கட்டியபோது, வந்த டிரான்ஸ்ஃபார்மரில் ஒயர்களின் நிறக்குறிப்புத் தாள் தொலைந்துவிட்டது. எது பிரைமரி, எது செகண்டரி என்று பார்க்க மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து ஒவ்வொரு ஜோடியாகத் தொட்டேன். மீட்டர் செலுத்தும் அந்த ஒரு மில்லி ஆம்பியர் கோரைக் காந்தமாக்கிவிடப் போதுமானதாக இருந்தது. பிரீஆம்ப் வேலை செய்தது. ஆனால் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தைத் தட்டினால் ஒரு கரகரப்பு. இரண்டு நாள் வால்வையும் கெப்பாசிட்டரையும் மாற்றிமாற்றிப் பார்த்தேன். கடைசியில் ஆடியோ ஜெனரேட்டரை 20 ஹெர்ட்ஸில் வைத்து, அலை நசுங்கும் வரை பிரைமரியில் ஏற்றி, பிறகு ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டு சன்னஞ்சன்னமாகச் சுழியத்துக்கு இறக்கினேன். கரகரப்புப் போய்விட்டது. சுருள்களை அடையாளம் காண, ஒன்றில் 1 கிலோஹெர்ட்ஸில் சில பத்து மில்லிவோல்ட் கொடுத்து மற்றதில் என்ன வருகிறது என்று அளந்தால் போதும். விகிதமும் அப்போதே தெரிந்துவிடும். ஓம் மீட்டர் அந்தப் பக்கமே போக வேண்டியதில்லை.

கண்டென்சர் மைக்குக்கு மைக் ஒயர் வழியே அனுப்பும் பாண்டம் மின்சாரத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 48 வோல்ட்டை இரண்டு 6.8 கிலோ ஓம் மின்தடைகள் வழியே மைக் ஒயர்களுக்குக் கொடுக்கிறோம். இரண்டும் சமமாக இருந்தால் பிரைமரியின் இரு முனைகளிலும் ஒரே மின்னழுத்தம் நிற்கும், சுருளில் நேர்மின்சாரம் ஓடாது. சமமில்லையென்றால் ஓடும். தரநிர்ணயம் கேட்பது இரண்டுக்கும் இடையே 0.4 சதவீதத்துக்கு மேற்படாத வேறுபாடு. ஒரு சதவீத மின்தடைகளை இருபதாக வாங்கி அளந்து ஜோடி சேர்ப்பது அரை மணி நேர வேலை.

கண்டென்சர் மைக்கின் பிரச்சினை என்று மேலே சொன்னேனே, அது இது. பாஸ்கலுக்கு 20 மில்லிவோல்ட் தரும் மைக்கின் முன்னால் ஒருவர் வாயை ஒட்டிவைத்து உரக்கப் பாடுகிறார், ஒலியழுத்தம் 114 டெசிபெல், அதாவது 10 பாஸ்கல் என்று கொள்ளுங்கள். மைக்கிலிருந்து 200 மில்லிவோல்ட், டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டியதும் 2 வோல்ட், அதன் உச்சி 2.8 வோல்ட். 12ஏஎக்ஸ்7-இன் கிரிட்டுக்கு நீங்கள் வைக்கப்போகும் பயஸ் (கிரிட்டின் நிலையான எதிர்மின்னழுத்தம்) ஒன்றரை வோல்ட் அளவில் இருக்கும். வால்யூம் கன்ட்ரோல் இதற்குப் பின்னால் இருப்பதால் அதைக் குறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. பாட்டு முதல் நிலையிலேயே வெடித்துவிட்டது. ஆகவே டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னால் 20 டெசிபெல் குறைக்கும் ஒரு சுவிட்ச் அவசியம். இரு ஒயர்களிலும் தொடராக 680 ஓம், டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் குறுக்கே 160 ஓம் என்று வைத்தால், மைக்குக்குச் சுமை ஏறத்தாழ 1,500 ஓமாகவே இருக்கும். டிரான்ஸ்ஃபார்மரும் தன் பின்னால் 150 ஓமுக்கு நெருங்கிய மூலத்தையே காணும். இந்த இரண்டாவது நிபந்தனையை மறந்துவிட்டு ஏதோ இரண்டு மின்தடைகளைப் போட்டால், சுவிட்சைத் தட்டியவுடன் ஒலியின் நிறமே மாறிவிடும். பாண்டம் மின்தடைகள் இதற்கு மைக் பக்கத்தில் வர வேண்டும்.

அடுத்தது செகண்டரியின் சுமை. மைக்கில் சதுர அலை வராது, ஆனால் சோதனைக்குச் சதுர அலையைப் போன்ற நேர்மையான சாட்சி கிடையாது. ஜெனரேட்டரின் 50 ஓமோடு தொடராக 100 ஓம் சேர்த்து 150 ஓம் மூலமாக்கி, 2 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையைச் சில மில்லிவோல்ட் அளவில் பிரைமரியில் கொடுங்கள். அலையின் மூலையில் மணி அடித்து ஓய்வதுபோல நடுங்கும் சிற்றலைகள் தெரிந்தால், கசிவுத் தூண்டலும் கொள்ளளவும் ஒத்ததிர்கின்றன என்று பொருள். செகண்டரிக்குக் குறுக்கே ஒரு மின்தடையும் ஒரு சிறு கெப்பாசிட்டரும் தொடராக வைத்து அதை அடக்க வேண்டும். பத்து இருபது கிலோ ஓமும் இருநூறு முந்நூறு பிகோஃபேரட்டும் தொடக்கப் புள்ளிகள், தயாரிப்பாளர் மதிப்புச் சொல்லியிருந்தால் அதுவே. ஒரு நுணுக்கம்: ஆஸிலோஸ்கோப் புரோபைச் செகண்டரியில் வைத்து இதைப் பார்க்காதீர்கள். பத்தில் ஒன்று நிலையிலும் புரோப் பத்துப் பதினைந்து பிகோஃபேரட்டைச் சேர்க்கும். ஒன்றுக்கு ஒன்று நிலையில் நூறு வரை சேர்க்கும். நீங்கள் சரிசெய்து முடித்துப் புரோபை எடுத்தவுடன் மின்சுற்று வேறாகிவிடும். முதல் வால்வின் பிளேட்டிலிருந்து கெப்பாசிட்டர் வழியே வெளிவரும் இடத்தில் பாருங்கள். வால்வு தன் மில்லர் கொள்ளளவோடு உயிரோடு இருக்கும்போதுதான் இந்தச் சரிபார்ப்புக்குப் பொருள் உண்டு.

வெளியீட்டுக்கு வருவோம். இங்கே கணக்குத் தலைகீழ். மேல் அதிர்வெண்களைவிடக் கீழ் அதிர்வெண்கள்தான் தொல்லை தரும். பிரைமரியின் தூண்டல், அதை ஓட்டுகிற வால்வின் மின்தடையோடு ஒப்பிடப் போதுமானதாக இல்லாவிட்டால் பாஸ் ஒழுகிவிடும். 12ஏயூ7-இன் பிளேட் தடை 7.7 கிலோ ஓம். 22 கிலோ ஓம் பிளேட் மின்தடையோடு இணையாகச் சேர்த்தால் 5.7 கிலோ ஓம். 20 ஹெர்ட்ஸில் ஒரு டெசிபெல் மட்டுமே குறைய வேண்டுமென்றால், பிரைமரிக்கு 90 ஹென்றி வேண்டும். பெரிய எண்தான், ஆனால் கிடைக்கும். இதே இடத்தில் 12ஏஎக்ஸ்7-ஐ வைத்து ஓட்டினால், 62 கிலோ ஓம் பிளேட் தடை காரணமாக 600 ஹென்றி வரை கேட்கும். அப்படி ஒன்றை நியாயமான அளவில் யாரும் சுற்றித் தர மாட்டார்கள். கடைசி நிலைக்கு நீங்கள் 12ஏயூ7-ஐத் தேர்ந்தெடுத்தது சரி என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். 15 கிலோ ஓம்–600 ஓம் என்பது 5:1 விகிதம். வால்வின் 5.7 கிலோ ஓம் இருபத்தைந்தால் வகுபட்டு வெளியே 230 ஓம் அளவில் தெரியும். சுருள் தடைகளையும் சேர்த்தாலும் நீளமான கேபிளை ஓட்டப் போதும். உங்கள் 600–600 டிரான்ஸ்ஃபார்மரைப் பிளேட்டில் மாட்டினால் என்ன ஆகும் என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

இந்த வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரின் வழியே பிளேட்டின் நேர்மின்சாரம் ஓடப்போகிறதா என்பதை வாங்குமுன் முடிவு செய்யுங்கள். ஓடுமென்றால் கோரில் காற்றிடைவெளி விட்டுச் சுற்றியதாக இருக்க வேண்டும். இடைவெளி விட்டால் அதே தூண்டலுக்கு உருவம் பெருக்கும். ஓடாதென்றால் பிளேட்டுக்கு மின்தடை வழியே மின்சாரம் கொடுத்து, சிக்னலை மட்டும் கெப்பாசிட்டர் வழியே டிரான்ஸ்ஃபார்மருக்கு அனுப்பலாம். வீட்டில் கட்டுகிறவர்களுக்கு நான் இந்த இரண்டாவது வழியைத்தான் சொல்வேன்: இடைவெளி இல்லாத டிரான்ஸ்ஃபார்மர் மலிவு, தேர்வும் அதிகம். ஆனால் கெப்பாசிட்டரைக் கஞ்சத்தனமாக வைக்கக் கூடாது. 90 ஹென்றியோடு 0.47 மைக்ரோஃபேரட் 24 ஹெர்ட்ஸில் ஒத்ததிரும், அங்கே ஒரு மேடு தெரியும், 4.7 மைக்ரோஃபேரட் வைத்தால் அந்த மேடு 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே போய், யார் காதுக்கும் எட்டாது. எலக்ட்ரோலிடிக் வேண்டாம், 400 வோல்ட் தாங்கும் பிலிம் வகை வாங்குங்கள். அது வெடித்தால் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து போகும்.

600 ஓம் என்பது தொலைபேசித் தடங்களிலிருந்து வானொலிக்கு வந்த வழக்கம். இன்றைய கருவிகளின் லைன் உள்ளீடு 10 கிலோ ஓமோ அதற்கு மேலோதான். 600 ஓம் சுமையை எதிர்பார்த்துச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் சுமையில்லாமல் நிற்கும்போது மேல் அதிர்வெண்களில் திமிறும். மறுபடியும் சதுர அலை அதைக் காட்டிக்கொடுக்கும். அப்படியே 600 ஓமைப் போட்டு அடைத்துவிடலாம் என்றால் உங்கள் 12ஏயூ7 மூச்சுத் திணறும், ஏனென்றால் அது பிளேட்டுக்கு 15 கிலோ ஓம் சுமையாகிறது. உரத்த சிக்னலுக்கு, அதாவது வெளியே 6 வோல்ட் வேண்டுமென்றால், பிளேட்டில் 30 வோல்ட்டை அந்தச் சுமையோடு ஓட்ட வேண்டியிருக்கும். நடுவழி ஒன்றைச் சொல்கிறேன்: செகண்டரிக்குக் குறுக்கே 2.2 கிலோ ஓமில் தொடங்கி, அலையின் மூலை ஒழுங்காகும் வரை படிப்படியாக இறக்குங்கள். பெரும்பாலும் ஆயிரத்துக்கு முன்பே நின்றுவிடலாம். வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரின் கூடுதல் சுருளிலிருந்து எதிர்ப்பின்னூட்டம் (வெளியீட்டின் ஒரு பகுதியை எதிர்த்திசையில் முன்நிலைக்குத் திருப்புவது) எடுக்கும் பழைய வரைபடங்களை நகலெடுப்பதாக இருந்தால் மட்டும் இந்தச் சுதந்திரம் இல்லை. அங்கே வேறு டிரான்ஸ்ஃபார்மரை மாட்டினால் கட்டம் மாறி மின்சுற்று தானே ஊளையிடத் தொடங்கலாம். முதல் முயற்சிக்கு அத்தகைய வரைபடத்தை எடுக்காதீர்கள்.

பழைய ஒலி பற்றி என் கருத்து இது. மாற்றுக்கருத்து உள்ளவர்கள் நிறையப் பேர் உண்டு. டிரான்ஸ்ஃபார்மர் சேர்க்கும் நிறம் கோர் நிறையத் தொடங்கும்போதுதான் வருகிறது. அதே மின்னழுத்தத்தில் அதிர்வெண் பாதியானால் கோரில் காந்தப்பாயம் இரட்டிப்பாகும் என்பதால் அது முதலில் பாஸில் தெரியும். மைக் தரும் சில மில்லிவோல்ட்டில் நல்ல உள்ளீட்டு டிரான்ஸ்ஃபார்மர் அந்த எல்லைக்குப் பக்கத்திலேயே வராது. நீங்கள் ‘வின்டேஜ்’ என்று கேட்டு மகிழ்வதில் பெரும்பங்கு கடைசி வால்வும் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரும் வியர்க்கும்போது பிறப்பது. எனவே உள்ளீட்டில் சுத்தமான புதியதை வைத்து, எஃகுக் கோர் கொண்ட எளிய ஒன்றை வெளியீட்டில் வைத்து, அதன் பின்னால் இன்னொரு வால்யூம் கன்ட்ரோல் வைத்துவிட்டால், வேண்டும்போது நிறத்தை ஏற்றிக்கொள்ளலாம், வேண்டாதபோது இறக்கிக்கொள்ளலாம். அந்தக் கன்ட்ரோலுக்கு 600 ஓம் சமநிலை வகை கிடைக்காவிட்டால், சுவிட்சில் மின்தடைகளை வைத்துப் படிப்படியாகக் குறைக்கும்படி கட்டிக்கொள்ளுங்கள்.

பழையதுதான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால், யூடிசி ஏ-10 மாதிரி 50 முதல் 500 ஓம் வரை பல இணைப்புகள் கொண்டதைப் பாருங்கள். அதன் செகண்டரி 50 கிலோ ஓம் என்பதால் 150 ஓம் இணைப்பில் விகிதம் 18-ஐத் தாண்டும். மேலே போட்ட மில்லர் கணக்கில் சரிவு 26 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வருகிறது, அதாவது எல்லையில் நிற்கிறது. கீழே விழுந்து அடிபட்டதா என்பதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை. மெல்லிய செகண்டரிக் கம்பி பச்சை பிடித்து அறுந்திருப்பதும் சகஜம். திருப்பிக் கொடுக்கும் வசதி இல்லாமல் வாங்காதீர்கள்.

கடைசியாகப் பெட்டி. உள்ளீட்டு டிரான்ஸ்ஃபார்மர் எவ்வளவு விலை கொடுத்து மியூமெட்டல் குப்பிக்குள் வாங்கியதாக இருந்தாலும், பவர் டிரான்ஸ்ஃபார்மரின் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் அதற்குள் நுழையும். நுழைந்ததை வால்வுகள் பல நூறு மடங்காக்கிக் காட்டும். பவரைத் தனிப் பெட்டியில் வைத்து ஒரு மீட்டர் கேபிளில் கொண்டுவருவது எளிய தீர்வு. ஒரே பெட்டிதான் என்றால், சேஸிஸில் மற்ற எல்லா ஓட்டைகளையும் போட்டுவிட்டு இதற்கு மட்டும் போடாமல் வைத்திருங்கள். நீளமான ஒயரில் டிரான்ஸ்ஃபார்மரை இணைத்து, உள்ளீட்டில் 150 ஓம் மின்தடையைச் செருகி, பவரைப் போட்டு, ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்ளுங்கள். ஒரு கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஏனென்றால் உள்ளே 250 வோல்ட் ஓடுகிறது, மற்ற கையால் டிரான்ஸ்ஃபார்மரின் குப்பியைப் பிடித்து மெல்லத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் ஹம் சட்டென்று அடங்கும். இரண்டு டிகிரி தாண்டினால் திரும்ப வரும். அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, பவரை அணைத்து, கெப்பாசிட்டர்கள் இறங்கும் வரை காத்திருந்து, அதன் பிறகு டிரில்லை எடுங்கள்.